ஆப்ஷனில் 28 நாள்

நாள் 1: நியூயார்க்

பெட்டிகள் சுற்றி வரும் இடத்தில் நாங்கள் நிற்கவே இல்லை. ஆளுக்கு ஒரு கைப்பெட்டி, ஒரு தோள்பை, அவ்வளவுதான். "ஒரு மாதத்துக்கு இது எப்படிப் போதும் அக்கா?" என்று சின்னவள் கிளம்பும் வரை புலம்பிக்கொண்டே இருந்தாள். பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் நாளைக் காலை மாடல்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் கேஸ்டிங்குக்கு எந்தச் செருப்போடு போவாய் என்று கேட்டபிறகுதான் அடங்கினாள்.

சின்னவள் என் சித்தி மகள். வயது 19, உயரம் 178 செ.மீ. மாடலாக இது அவளுக்கு முதல் சீசன். செப்டம்பரில் நியூயார்க், லண்டன், மிலன், பாரிஸ் என ஒன்று முடிய ஒன்றாக நடக்கும் ஃபேஷன் வாரங்களைத்தான் சீசன் என்கிறோம். அடுத்த ஆண்டு வசந்தத்துக்கும் கோடைக்குமான உடைகளை இப்போதே மேடையேற்றிவிடுவார்கள். பிப்ரவரி, மார்ச்சில் குளிர்கால உடைகளுக்காக இன்னொரு சுற்று. இந்தச் சுற்றை நான் 11 ஆண்டுகள் ஓடியிருக்கிறேன். ஓட்டம் நின்று ஏழு ஆண்டுகள் ஆகின்றன. "நீ கூடப் போனால் எனக்குத் தூக்கம் வரும்" என்று சித்தி சொன்னதும் மறுக்க வாய் வரவில்லை. அங்கே என்ன மாறியிருக்கிறது என்று பார்க்கும் ஆசையும் கொஞ்சம் இருந்தது.

குடியேற்ற வரிசையில் நின்றபோது அவளுடைய விசாவை வாங்கிப் பார்த்தேன். கணினிப் பொறியாளர்களுக்குக் கொடுக்கிறார்களே எச்1பி, அதன் ஒரு கிளைதான் மாடல்களுக்கும். எச்1பி3 என்று பெயர். பொறியாளரிடம் பட்டம் கேட்பார்கள். மாடலிடம் தனித்த தகுதியும் திறமையும் இருப்பதாகக் காட்டச் சொல்வார்கள். இரண்டு பத்திரிகைகளில் வந்த படங்களும் மாடலிங் ஏஜென்சி திரட்டிக் கொடுத்த கடிதங்களும் இவளைக் கரையேற்றின. அந்த விசாவுக்கான செலவை ஏஜென்சி "கட்டியது". யார் பணத்தில் கட்டியது என்பதை அப்புறம் சொல்கிறேன்.

அவளுடைய தோள்பையில் ஆல்பம், படமும் அளவுகளும் அச்சிட்ட காம்ப் கார்டு கட்டு, தண்ணீர் பாட்டில் எல்லாம் வைத்தபிறகு குதிகால் செருப்புக்கு இடமில்லை. கறுப்பு, 40 அளவு, ஊசிக்குதிகால். அது என் பைக்கு வந்துவிட்டது. ஆக, இந்தப் பயணத்தில் என் பதவி செருப்புத் தூக்கி.

நாள் 2: நியூயார்க்

நேற்றிரவே புக்கரிடமிருந்து பட்டியல் வந்துவிட்டது. ஒரே நாளில் 11 முகவரிகள். மாடலுக்கு வேலை பிடித்துத் தருபவரை, நாள்களைக் குறித்து வைப்பவரை, புக்கர் என்பார்கள். அம்மாவிடம் சொல்லாததையும் புக்கரிடம் சொல்ல வேண்டியிருக்கும். நேற்று வயிறு சரியில்லை, முகத்தில் பரு, முடியில் அரை அங்குலம் வெட்டிக்கொண்டேன், எல்லாம்.

கேஸ்டிங்குக்கு ஒரு சீருடை உண்டு. உடம்போடு ஒட்டிய கறுப்பு ஜீன்ஸ், கறுப்பு பனியன், ஒப்பனை இல்லாத முகம். தெருவில் நடக்கத் தட்டைச் செருப்பு, கதவருகே போனதும் குதிகால் செருப்பு. முதல் முகவரியில் மூன்றாவது மாடிப் படியிலிருந்து வாசல் வரை வரிசை. சின்னவள் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றாள். உள்ளே போய் வெளியே வர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"என்ன கேட்டாங்க?"

"பேர், வயசு. ஆல்பத்தைப் புரட்டினாங்க. நடக்கச் சொன்னாங்க. ஒரு போட்டோ எடுத்தாங்க. தேங்க்யூன்னாங்க."

அந்தத் தேங்க்யூவை மொழிபெயர்க்க நானும் பல ஆண்டுகள் முயன்றிருக்கிறேன். பிடித்தாலும் அதே தொனி, பிடிக்காவிட்டாலும் அதே தொனி.

மதியம் ஏழாம் அவென்யூவில், ஆயத்த ஆடைத் தொழிலுக்குப் பேர்போன பகுதியில், இரண்டு முகவரிகளுக்கு இடையே அரை மணி நேரம் கிடைத்தது. அங்கே ராட்சதப் பொத்தானும் ஊசியும் சேர்ந்த ஒரு சிற்பம் இருக்கிறது. பக்கத்திலேயே தையல் இயந்திரத்தில் குனிந்திருக்கும் தொழிலாளியின் சிலை. சிற்பி ஜூடித் வெல்லர் 1984இல் செய்தது. சின்னவள் அந்தத் தொழிலாளியின் காலடியில் உட்கார்ந்து செருப்பு மாற்றிக்கொண்டாள்.

1923இல் ஜான் ராபர்ட் பவர்ஸ் மாடல்களுக்கான முதல் ஏஜென்சியைத் தொடங்கியது இந்த நகரத்தில்தான். 1946இல் ஐலீன் ஃபோர்டும் ஜெர்ரி ஃபோர்டும் வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. வாடிக்கையாளர் பணம் தரும்வரை மாடல் காத்திருக்க வேண்டாம், வேலை முடிந்ததற்கான சீட்டைக் கொடுத்தால் ஏஜென்சி முன்கூட்டியே கொடுத்துவிடும். என் காலத்திலெல்லாம் மூன்று மாதத்தில் பணம் வந்தால் அதிர்ஷ்டம்.

நாள் 4: நியூயார்க்

இன்று காலை முதல் ஆப்ஷன் வந்தது. சின்னவள் குதித்த குதியில் கட்டில் முனகியது. வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்துவிட்டாள்.

ஆப்ஷன் என்றால் வேலை இல்லை, வேலையின் நிழல். ஒரு நிறுவனம் உன்னைப் பார்த்தது, பிடித்திருக்கிறது, ஆனால் இன்னும் தீர்மானிக்கவில்லை. தீர்மானிக்கும்வரை அந்த நாளை அவர்களுக்காக நிறுத்தி வைக்க வேண்டும். அதற்குக் காசு கிடையாது. அதே நாளை இன்னொருவர் கேட்டால் அவருக்கு இரண்டாம் ஆப்ஷன். இரண்டாமவர் உறுதியாக எடுத்துக்கொள்கிறேன் என்றால் முதலாமவரிடம் போய்க் கேட்பார்கள்: எடுக்கிறீர்களா, விடுகிறீர்களா? எடுத்தால் கன்ஃபர்ம். விட்டால் ரிலீஸ். ஒரு மாடலின் நாட்குறிப்பைத் திறந்தால் கன்ஃபர்ம் ஆன நாட்களை விரல்விட்டு எண்ணலாம். மீதியெல்லாம் யாரோ கைவைத்துவிட்டுப் போன நாட்கள்.

மாலைக்குள் மூன்று ஆப்ஷன். இரவு ஒன்பதுக்கு இரண்டு ரிலீஸ். சாப்பிட்டுத் தூங்கு என்றேன். போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு கிடந்தாள். எனக்கும் தூக்கம் வரவில்லை. என் பெயருக்கு ஒரு ஆப்ஷனும் வரப்போவதில்லை என்று தெரிந்தும் அந்தச் சிணுங்கல் சத்தத்துக்கு உடம்பு இன்னமும் நிமிர்கிறது.

நாள் 6: நியூயார்க்

கன்ஃபர்ம் ஆகிவிட்டது! சின்னவளின் முதல் ஷோ.

ஷோ காலை பத்து மணிக்கு. வரச் சொன்ன நேரம் ஆறு. துணைக்கு வந்தவள் என்று சொல்லி நானும் மேடைக்குப் பின்னால் நுழைந்துவிட்டேன். பழைய வாசனை அப்படியே இருக்கிறது: ஹேர் ஸ்ப்ரே, கருகிய முடி, காப்பி. முந்தைய ஷோவிலிருந்து ஓடிவந்த ஒரு பெண்ணின் தலையை ஒருவர் அலச, இன்னொருவர் அவள் நகத்தைத் துடைக்க, மூன்றாமவர் கண்ணில் மை போட, அவள் வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான்கு பேர் நான்கு வேலை, யாரும் யாரோடும் பேசவில்லை.

சின்னவளின் முறை வந்ததும் ஒப்பனைக்காரர் மேசையைத் துழாவினார். பழுப்பு நிறத்தில் அவரிடம் இருந்தவை இரண்டு. ஒன்று போட்டால் சாம்பல் பூசியதுபோல இருக்கும், மற்றது செங்கல். நான் என் பையிலிருந்து அவளுடைய ஃபவுண்டேஷன் பாட்டிலை எடுத்து நீட்டினேன். அவர் வெட்கப்பட்டு வாங்கிக்கொண்டார். இதையும் நான் 18 வருடத்துக்கு முன்பே கற்றுக்கொண்டுவிட்டேன். பையில் செருப்பு இல்லாமல் போனாலும் ஃபவுண்டேஷன் இல்லாமல் போகாதே.

உடை மாட்டும் நிலைச்சட்டத்தில் அவள் படமும் உடையின் படமும் ஒட்டிய அட்டை தொங்கியது. எந்த வளையல், எந்தச் செருப்பு, பொத்தான் திறந்தா மூடியா, எல்லாம் அதில் இருக்கும். உடை மாட்டிவிட ஓர் அம்மாள். அவருக்கு 60 வயது இருக்கலாம். சின்னவளின் நடுங்கும் கையைப் பார்த்துவிட்டுத் தன் தோளில் எடுத்து வைத்துக்கொண்டார். செருப்பு 41, இவளுக்கு 40. பின்னால் பஞ்சு அடைத்தார்கள். வழுக்காமல் இருக்க அடிப்பகுதியைக் கத்தரிக்கோல் முனையால் கீறினார்கள்.

பத்து மணி ஷோ பத்தே முக்காலுக்குத் தொடங்கியது. சின்னவள் 17ஆவது ஆள். வரிசையின் முனையில் நிற்பவர் முதுகில் லேசாகத் தட்டினால் போக வேண்டும். போனாள். நான் திரையில் பார்த்தேன். வலது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது, மற்றபடி நன்றாகத்தான் நடந்தாள். நாற்பது நொடி இருக்கும். மொத்த ஷோவுமே 11 நிமிடம்.

திரும்பி வந்தவள் கேட்ட முதல் கேள்வி: "நான் நடந்தேனா அக்கா? ஒண்ணுமே ஞாபகம் இல்லை."

இரண்டாம் உலகப் போரில் பாரிஸுக்குப் போக வழியில்லாமல் போனபோது, 1943இல் எலினார் லாம்பர்ட் என்ற விளம்பரத் துறைப் பெண்மணி இந்நகரில் பத்திரிகையாளர்களுக்காக உடைகளைக் காட்டும் வாரம் ஒன்றைத் தொடங்கினார். ஃபேஷன் வாரம் என்ற வழக்கமே அங்கிருந்து வந்ததுதான். சின்னவளிடம் சொன்னேன். காதில் விழவில்லை. முடியில் ஒட்டிய ஜெல்லை உரித்துக்கொண்டிருந்தாள்.

நாள் 7: நியூயார்க்

இன்று வேலை இல்லை. அறையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். இந்தப் பயணத்தில் நான் உருப்படியாகச் செய்யப்போவது இது ஒன்றுதான் என்று முன்பே முடிவு செய்திருந்தேன்.

சின்னவளின் மின்னஞ்சலில் ஏஜென்சி அனுப்பிய ஸ்டேட்மென்ட் திறக்கப்படாமல் கிடந்தது. "வேலை செஞ்சாதானே கணக்கு வரும்?" என்றாள். திறந்தோம். விசா, வழக்கறிஞர் கட்டணம், விமானச் சீட்டு, காம்ப் கார்டு அச்சு, சோதனைப் படப்பிடிப்பு, இணையதளத்தில் படம் வைக்க, நாங்கள் தங்கியிருக்கும் இந்த அறை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் கழித்தல் குறி. நேற்று நடந்த ஷோவின் சம்பளம் வந்து சேர்ந்தாலும் கழித்தல் குறி போகாது.

அவள் முகம் தொங்கிப்போனது. சரி, என் கதையைச் சொன்னேன். எனக்கு 18 வயதில், வேறொரு நகரத்தில், ஒரு ஏஜென்சி தந்த குடியிருப்பில் மூன்று அறை, ஒன்பது பெண்கள், அடுக்குக் கட்டில்கள். ஒன்பது பேரிடமும் பிடித்த வாடகையைக் கூட்டினால் அந்தத் தெருவில் பாதியை வாடகைக்கு எடுத்துவிடலாம். பெரிய பத்திரிகையில் எட்டுப் பக்கம் வந்தேன். தெரிந்தவர்களெல்லாம் நான் பணத்தில் புரள்வதாக நினைத்துக்கொண்டார்கள். பத்திரிகைக்கு எடுக்கும் படங்களுக்குக் கிடைப்பது பெயர்தான், பணம் மிகச் சொற்பம். பணம் இருப்பது விளம்பரங்களில், அதிலும் படத்தை எத்தனை நாடுகளில் எத்தனை காலம் பயன்படுத்தலாம் என்ற உரிமையில். ஐந்து மாதம் கழித்து ஸ்டேட்மென்ட் கேட்டேன். நான்தான் அவர்களுக்குக் கடன்பட்டிருந்தேன். அந்தக் கடன் தீரும்வரை ஏஜென்சியை மாற்றவும் முடியாது.

இப்போது இந்த மாநிலத்தில் சட்டம் வந்திருக்கிறது. சாரா ஜிஃப் என்ற மாடல் 2012இல் தொடங்கிய மாடல் அலையன்ஸ் அமைப்பு ஆண்டுக்கணக்கில் போராடி வாங்கியது. 2024 டிசம்பரில் ஆளுநர் கையெழுத்திட்டார், 2025 ஜூன் 19 முதல் நடைமுறை. ஏஜென்சி மாடலின் சம்பளத்தில் 20 சதவீதத்துக்கு மேல் கமிஷன் பிடிக்கக் கூடாது. தங்குமிடத்துக்குச் சந்தை வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. ஒப்பந்த விவரத்தை வேலைக்கு 24 மணி நேரம் முன்பே கையில் கொடுக்க வேண்டும். மாடலின் உருவத்தைக் கணினியில் நகலெடுத்துப் பயன்படுத்த எழுத்து மூலமான சம்மதம் தனியாக வாங்க வேண்டும்.

கடைசி வரி சின்னவளின் தலைமுறைக்கு. 2025 மார்ச்சில் எச் அண்ட் எம் ஆடை நிறுவனம் 30 மாடல்களின் டிஜிட்டல் இரட்டையரை உருவாக்குவதாக அறிவித்தது. மாடல்களின் சம்மதத்தோடுதான், உரிமையும் அவர்களிடமேதான் என்றார்கள். "அப்போ நான் தூங்கிட்டிருக்கும்போது என் இரட்டை வேலைக்குப் போகுமா?" என்று கேட்டாள் சின்னவள். போகும். ஒப்பனைக்காரருக்கும் உடை மாட்டும் அம்மாளுக்கும் அங்கே வேலை இருக்காது என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு கழித்தல் குறியையும் எழுதி, எதற்கு ரசீது கேட்க வேண்டும் என்று குறித்துக் கொடுத்தேன். முனகிக்கொண்டே எழுதினாள்.

நாள் 10: லண்டன்

மழை. நான்கு கேஸ்டிங், ஒரு ஆப்ஷன், ஒரு ரிலீஸ். இங்கே 16 வயதுக்குக் குறைந்தவர்களை ஷோவில் நடக்க விடுவதில்லை. என்னோடு தொடங்கியவர்களில் 14 வயதுப் பெண்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி வரிசையில் நின்றபடி கணக்கு வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

நாள் 11: லண்டன்

மதியத்துக்கு மேல் வேலை இல்லாததால் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே எனக்கு ஒரு ஜோடி செருப்பைக் காட்ட வேண்டியிருந்தது.

முதலைத்தோல் போன்ற நீல நிறம், அரண்மனைத் தூண் மாதிரி குதிகால். விவியன் வெஸ்ட்வுட் வடிவமைத்தது. 1993இல் பாரிஸ் ஷோவில் இதைப் போட்டுக்கொண்டு நடந்த நயோமி கேம்ப்பெல் இடறி, ரேம்ப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவர் சிரித்தார். எழுந்து நடந்தார். மறுநாள் உலகப் பத்திரிகைகளிலெல்லாம் அந்தப் படம்தான்.

சின்னவள் கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "நான் விழுந்திருந்தா?"

நீ விழுந்திருந்தால் அடுத்த வாரம் ஆப்ஷன் குறைந்திருக்கும் என்று சொல்ல வந்து விழுங்கிக்கொண்டேன். விழுந்தது நயோமி என்பதால்தான் செருப்பு பெட்டிக்குள் இருக்கிறது. அந்த ஷோவுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னால், 1990 ஜனவரியில், பிரிட்டிஷ் வோக் பத்திரிகை அட்டையில் பீட்டர் லிண்ட்பெர்க் எடுத்த படத்தில் இருந்த ஐவரில் அவரும் ஒருவர். லிண்டா எவாஞ்சலிஸ்டா, கிறிஸ்டி டர்லிங்டன், சிண்டி கிராஃபோர்டு, டாட்யானா பாடிட்ஸ் மற்றவர்கள். முதல் பெயரைச் சொன்னாலே போதும் என்ற நிலைக்குப் போனவர்கள். இன்று ஷோ பார்க்க வருகிறவர்களில் எத்தனை பேருக்கு 17ஆவதாக நடந்தவளின் பெயர் தெரியும்?

இதே ஊரில் ட்விக்கி 1966இல் 16 வயதில் தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு ஒரே ஆண்டில் உலகப் புகழ் பெற்றார். 1970இல் மாடலிங்கை விட்டுவிட்டார். தானாக விட்டார் என்பதுதான் எனக்கு இப்போதும் பொறாமை. மற்ற எங்களை யாரும் வேலையை விட்டு நீக்குவதில்லை, விடைகொடுப்பதும் இல்லை. ஆப்ஷன் வருவது குறையும், அப்புறம் நிற்கும். என் கடைசி ஷோ எது என்று அதற்கு எட்டு மாதம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது.

நாள் 14: மிலன்

இறங்கிய உடனே ஏஜென்சிக்குப் போய்த் தலைகாட்ட வேண்டும். இங்கே அளவுநாடா காத்திருந்தது. மார்பு, இடை, இடுப்பு. இடுப்பில் ஒரு சென்டிமீட்டர் கூடியிருக்கிறதாம். புக்கர் ரொம்ப இனிமையாகச் சொன்னார், பாரிஸுக்குள் "பார்த்துக்கொள்" என்று. பார்த்துக்கொள் என்றால் என்ன என்று இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

வெளியே வந்ததும் முதல் வேலையாக அவளைச் சாப்பிட வைத்தேன். விமானத்தில் உட்கார்ந்து வந்தால் யாருக்கும் உடம்பு நீர் கோத்துக்கொள்ளும், அந்த நாடாவுக்கு அது தெரியாது. 2006 ஆகஸ்டில் உருகுவே மாடல் லுயிசெல் ராமோஸ் ஒரு ஷோவின்போதே சரிந்து இறந்தார். அவருக்கு 22 வயது. அடுத்த மாதமே மாட்ரிட் ஃபேஷன் வாரத்தில் உயரத்துக்கு எடை போதாதவர்களை மேடை ஏற்ற மாட்டோம் என்றார்கள். நவம்பரில் பிரேசிலின் ஆனா கரோலினா ரெஸ்டன், 21 வயது. இவற்றைச் சாப்பாட்டு மேசையில் சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனாலும் சொன்னேன். சித்தி என்னை அனுப்பியது வேறு எதற்கு?

நாள் 16: மிலன்

இரவு பத்தரைக்கு ஃபிட்டிங், அதாவது உடையை உடம்புக்குப் பொருத்திப் பார்ப்பது. பெரிய நிறுவனம், பெயர் வேண்டாம். டிராமில் போனோம். 1928இல் ஓடத் தொடங்கிய வகை டிராம்கள் இந்த ஊரில் இன்னும் ஓடுகின்றன. மர இருக்கை, மஞ்சள் விளக்கு, அவ்வளவு அழகு. சின்னவளும் அவளைப் போன்ற மூன்று உயரமான பெண்களும் ஒரே நிறுத்தத்தில் இறங்கியபோது ஓட்டுநர் சிரித்தார். செப்டம்பரில் அவருக்குப் பழகிய காட்சியாக இருக்க வேண்டும்.

நான் கீழே வரவேற்பறையில். பதினொன்றரை, பன்னிரண்டரை. ஒன்றேகாலுக்கு வந்தாள். அவள் உடம்பிலேயே வைத்து உடையைப் பிரித்து, சுருக்கி, ஊசி குத்தி, மறுபடி பிரித்திருக்கிறார்கள். முதுகில் ஊசிக் கீறல். முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "டிசைனரே வந்து பார்த்தார் அக்கா. சூப்பர்னு சொன்னார்."

நாள் 17: மிலன்

காலை ஏழு மணிக்குச் செய்தி. அந்த உடையையே ஷோவிலிருந்து எடுத்துவிட்டார்கள். உடை போனால் உடைக்குள் இருந்தவளும் போனாள். ரிலீஸ்.

அவளிடம் ஒரு குறையும் இல்லை, இரவு மூன்று மணிக்கு வரிசையைப் பார்த்த யாருக்கோ அந்தப் பச்சை நிறம் உறுத்தியிருக்கும், அவ்வளவுதான் என்று சொன்னேன். "அதுதான் அக்கா கஷ்டமா இருக்கு. என் தப்புன்னா திருத்திக்கலாம்" என்றாள். பதில் தெரியவில்லை. கடைசி இருக்கையில் உட்கார்ந்து ஊரை ஒரு முழுச் சுற்று டிராமில் சுற்றினோம்.

நாள் 19: மிலன்

இரண்டு ஷோ. இரண்டுமே சிறிய நிறுவனங்கள். ஒன்றில் சம்பளத்துக்குப் பதில் உடை கொடுத்தார்கள். கைப்பெட்டியில் ஏற்கெனவே இடமில்லை, உடையை உடுத்திக்கொண்டே திரும்பினாள். குதிகாலில் கொப்புளம்.

நாள் 21: பாரிஸ்

இந்த ஊருக்கு வந்ததும் நான் வழக்கமாகப் போகும் தெரு ஒன்று உண்டு. ரூ தெ லா பே. இப்போது நகைக்கடைகளாக மின்னுகிறது. 1858இல் ஏழாம் எண் வீட்டில் சார்ல்ஸ் ஃபிரெடரிக் வொர்த் என்ற ஆங்கிலேயர் தன் உடையகத்தைத் திறந்தார். அதற்கு முன் இதே பாரிஸில் ஒரு துணிக்கடையில் அவர் ஊழியர். அங்கே விற்பனைப் பெண்ணாக இருந்தவர் மரி வெர்னே. வொர்த் தைத்த உடைகளை மரி அணிந்துகொண்டு வாடிக்கையாளர் முன் நடந்து காட்டுவார். பின்னர் இருவரும் மணந்துகொண்டார்கள். உலகின் முதல் தொழில்முறை மாடல் என்று மரியைத்தான் பலரும் சொல்கிறார்கள். அதுவரை உடையைக் காட்ட மரபொம்மைகள்தான். பிரெஞ்சில் எங்களுக்கு இன்றும் பெயர் மானெக்கின், பொம்மைக்கும் அதே சொல். குட்டி மனிதன் என்று பொருள்படும் பழைய டச்சுச் சொல்லிலிருந்து வந்ததாம். மொழிக்கு உண்மை தெரியும்போல.

நாள் 22: பாரிஸ்

மருத்துவச் சான்று கேட்டார்கள். 2017 முதல் இங்கே அது சட்டம். மாடலின் உடல்நிலை வேலைக்கு ஏற்றதாக இருக்கிறது என்று மருத்துவர் எழுதித் தர வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, 75,000 யூரோ வரை அபராதம். அதே ஆண்டு இரண்டு பெரிய ஆடம்பரக் குழுமங்களான எல்விஎம்ஹெச்சும் கெரிங்கும் சேர்ந்து ஒரு சாசனம் வெளியிட்டன: மிகச் சிறிய உடையளவான பிரெஞ்சு 32க்கு உடம்பைக் குறைக்கச் சொல்லக் கூடாது, 16 வயதுக்குக் குறைந்தவர்களைப் பெரியவர்களின் உடைகளுக்கு எடுக்கக் கூடாது.

என் காலத்தில் 32 தான் எல்லோருக்கும் கனவு. இப்போது நிலைச்சட்டத்தில் தொங்குவது 34. ஓர் அளவு கூடியிருக்கிறது. சின்னவள் அந்தச் சட்டையில் மூச்சுவிட்டுக் காட்டினாள், விளம்பரம் மாதிரி.

நாள் 24: வெர்சாய்

ஞாயிறு. இரண்டு ஆப்ஷன் தொங்கலில். போனைப் பார்த்துக்கொண்டே அறையில் கிடப்பதற்கு ரயிலில் பார்க்கலாமே என்று வெர்சாய் அரண்மனைக்கு இழுத்துப்போனேன்.

எல்லோரும் கண்ணாடி மண்டபத்துக்கு ஓடுவார்கள். எனக்கு அங்குள்ள அரங்கம்தான் முக்கியம். 1973 நவம்பர் 28 இரவு, அரண்மனையைப் பழுதுபார்க்க நிதி திரட்டுவதற்காக ஒரு ஷோ நடந்தது. ஒரு பக்கம் பிரெஞ்சு வடிவமைப்பாளர்கள் ஈவ் சென் லோரன், ஜிவான்ஷி, கார்டன், உங்காரோ, டியோர் நிறுவனத்தின் மார்க் போஆன். மறுபக்கம் அமெரிக்காவின் ஹால்ஸ்டன், ஆஸ்கர் தெ லா ரென்டா, பில் பிளாஸ், ஆன் கிளைன், ஸ்டீபன் பர்ரோஸ். பிரெஞ்சுக்காரர்கள் பெரிய பெரிய காட்சி அமைப்புகளோடு வந்தார்கள். அமெரிக்கர்களின் பின்திரையோ அளவு தப்பிப் போய்விட்டது. மீட்டரில் எடுக்க வேண்டியதை அடிக் கணக்கில் எடுத்துவிட்டார்களாம். திரை இல்லாத வெறும் மேடை.

அந்த வெறும் மேடையில் நடந்தவர்களில் பேட் கிளீவ்லாண்ட், பெத்தான் ஹார்டிசன், பில்லி பிளேர், ஆல்வா சின் முதலிய கறுப்பினப் பெண்கள் பத்துப் பேர் அளவில் இருந்தார்கள். ஒரு பாரிஸ் மேடையில் அதுவரை அப்படி நடந்ததில்லை. பாட்டுக்கு ஆடியபடி, பார்வையாளரின் கண்ணைப் பார்த்து, சிரித்து, சுழன்று நடந்தார்கள். கூட்டம் நிகழ்ச்சித் தாள்களைக் காற்றில் எறிந்து ஆர்ப்பரித்தது.

"அப்போதிலிருந்து எல்லாம் மாறிடுச்சா?" என்றாள். அவ்வளவு சுலபமா? பிரிட்டிஷ் வோக் அட்டையில் முதல் கறுப்பினப் பெண் 1966இல் டோனியேல் லூனா, அமெரிக்க வோக்கில் 1974இல் பெவர்லி ஜான்சன். பிரெஞ்சு வோக்கில் 1988இல் நயோமி. என் பையில் இன்னும் அந்த ஃபவுண்டேஷன் பாட்டில் இருக்கிறது.

ரயிலில் திரும்பும்போது ஒரு ஆப்ஷன் கன்ஃபர்ம்.

நாள் 26: பாரிஸ்

இதுவரை நடந்ததிலேயே பெரிய ஷோ. நான் உள்ளே விடப்படவில்லை. வாசலில் புகைப்படக்காரர்களோடு நின்றேன். ஒருவர் என்னைப் பார்த்துக் கேமராவைத் தூக்கினார், பிறகு இறக்கிக்கொண்டார். உயரத்தைப் பார்த்து ஏமாந்திருப்பார்.

வெளியே வந்த சின்னவள் சொன்ன முதல் சேதி, ஒப்பனை மேசையில் அவளுடைய நிறம் இருந்ததாம். நான்கு வகை. அப்புறம்தான் நடந்ததைச் சொன்னாள். எல்லாம் ஞாபகம் இருந்தது இந்த முறை: இசை, விளக்கின் சூடு, முன்வரிசையில் தூங்கி வழிந்த ஒருவர்.

நாள் 28: பாரிஸ், விமான நிலையம்

மொத்தக் கணக்கு: 93 கேஸ்டிங், 31 ஆப்ஷன், 8 ஷோ. ஸ்டேட்மென்ட்டில் கழித்தல் குறி சிறிதாகியிருக்கிறது, போகவில்லை. நோட்டுப் புத்தகத்தில் ஒரே செலவை இரண்டு முறை பிடித்திருப்பதை அவளே கண்டுபிடித்து நேற்று மின்னஞ்சல் அனுப்பினாள். பதில் இன்னும் வரவில்லை.

போர்டிங் பாஸ் வாங்கும் வரிசையில் நிற்கும்போது போன் சிணுங்கியது. மிலனில் ஒரு கைப்பை விளம்பரம். நாளை மறுநாள். முதல் ஆப்ஷன். உள்ளாடைகளைத் துவைக்கக்கூட நேரமில்லை. ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாக் கணக்கில் 180 நாளில் 90 நாள் இருக்கலாம், அதில் பாதிகூட ஆகவில்லை. என்னைப் பார்த்தாள்.

"ரிலீஸ் ஆனா?"

"ஆனா என்ன, அடுத்த விமானத்துல வா."

கட்டிக்கொண்டாள். சித்தியிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். பெட்டியை உருட்டிக்கொண்டு ரயில் நிலையப் பலகையைத் தேடிப் போனாள், இறங்கிய வலது தோளோடு.

பாதுகாப்புச் சோதனையில் என் பையைத் தனியே எடுத்து வைத்தார்கள். அதிகாரி உள்ளே கைவிட்டு, கறுப்புக் குதிகால் செருப்பு ஒன்றை வெளியே எடுத்தார். பிறகு இன்னொன்றை. என் காலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உன் செருப்பு என்கிட்ட இருக்கு" என்று செய்தி அனுப்பினேன்.

"ஐயோ. சரி விடுக்கா, அங்கே வாங்கிக்கறேன். நோட்டுல எழுதிக்கறேன்."

விமானத்தில் ஏறி உட்கார்ந்தபிறகு மறுபடி கேட்டேன். "கன்ஃபர்ம் ஆச்சா?"

"இன்னும் இல்லக்கா."

பணிப்பெண் போனை அணைக்கச் சொன்னார். பக்கத்து இருக்கை காலி. செருப்புப் பையை அதன் கீழே தள்ளி வைத்தேன்.